மணலில் ஒரு தண்ணிப் பாம்பு

“தண்ணிப் பாம்புதான். வெசம் கிடையாது” என்று அழகுமலை சொன்ன அந்த நொடியிலேயே கிளிட்டசின் நெஞ்சில் ஐயம் முளைவிட்டது.

அவர்கள் நின்றிருந்த இடம் வளைகுடா நாட்டுப் பாலைவனக் கிராமமான லஹ்பாபைக் கடந்து, தார்ச்சாலையை விட்டிறங்கி, மணலுக்குள் மூன்று கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. நாற்புறமும் செம்மணல் மேடுகள். நடுவே காஃப் எனப்படும் இரண்டு வன்னி மரங்களும், காய்ந்து நரைத்த சில புதர்களும். அந்த வட்டாரத்தில் தண்ணீர் என்று சொல்லத்தக்கது அவர்கள் பிக்கப் வண்டியில் ஏற்றிவந்த இருபது லிட்டர் கேன் ஒன்றுதான். குளமில்லை, குட்டையில்லை, கால்வாயில்லை. அத்தகைய ஊரில் தண்ணிப் பாம்பு எதை நம்பிக் குடித்தனம் நடத்தும்?

“எங்கண்ணே அது? காட்டுங்க” என்றான் கிளிட்டஸ்.

“தூக்கி எறிஞ்சுட்டேன்பா.”

“எந்தப் பக்கம்?”

“அந்தப் பக்கம்.” அழகுமலை கையை வீசிக் காட்டினார். அந்த ஒரே வீச்சு பாலைவனத்தின் பாதியைச் சுட்டியது.

மற்றொரு கையில் மண்வெட்டி இருந்தது. வண்டி மணலில் புதைந்தால் தோண்டி எடுப்பதற்கென்று கொண்டுவந்தது. அதன் விளிம்பில் ஈரம் ஒட்டியிருந்தது. அவருடைய காலடியில், புதரை ஒட்டி, அன்பரசன் இடது காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். கணுக்காலுக்குச் சற்று மேலே இரண்டு சிவந்த புள்ளிகள் தெரிந்தன. இரண்டிலும் கடுகளவு இரத்தம் கட்டி நின்றது.

“சுருக்குன்னுச்சு கிளிட்டஸ். கால எடுக்கிறதுக்குள்ள மச்சான் கத்துறாரு, அடிக்கிறாரு. நான் ஒண்ணையும் பாக்கல” என்றான் அன்பரசன். பிறகு அழகுமலையை நிமிர்ந்து பார்த்தான். “தண்ணிப் பாம்பா மச்சான்?”

“ஆமா மாப்ள. தண்ணிப் பாம்புதான்.”

அன்பரசன் தலையைக் குனிந்துகொண்டான்.

இரண்டு மாதங்களில் அவர்கள் ஒருவரோடொருவர் பேசிய முதற்பேச்சு அதுதான். அதைக் கிளிட்டஸ் அறிவான். ஏனெனில், அவர்களைப் பேச வைப்பதற்காகவே அன்றைய ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தை அவன் ஏற்பாடு செய்திருந்தான்.

மூவரும் அல் கூஸில் ஒரே தொழிலாளர் கேம்ப்பில், ஒரே அறையில் இருப்பவர்கள். கிளிட்டஸ் குமரி மாவட்டக் கடற்கரையைச் சேர்ந்தவன், ஜெனரேட்டர் மெக்கானிக், கம்பெனி பிக்கப்பின் சாவி அவனிடம்தான் இருக்கும். அழகுமலையும் அன்பரசனும் சிவகங்கைப் பக்கத்தில் ஒரே கிராமம். அழகுமலை கொத்தனார், அன்பரசன் கம்பி கட்டுபவன். அழகுமலையின் தங்கை பானுமதியை அன்பரசனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தை மாதம் லீவில் போன அன்பரசன், மனைவியோடு ஏதோ சச்சரவிட்டு, சொல்லிக்கொள்ளாமலேயே விமானம் ஏறிவிட்டான். பானுமதி வீட்டைப் பூட்டிக்கொண்டு பிறந்தகம் போய்விட்டாள். அன்றிலிருந்து அறையில் மேல்கட்டிலுக்கும் கீழ்க்கட்டிலுக்கும் இடையே பேச்சுவார்த்தை இல்லை. ஒரு முறை, துணி காயப்போடும் இடத்தில், அழகுமலை கிளிட்டசிடம் சொன்னார்: “பட்டாத்தான்பா அவனுக்குப் புத்தி வரும். படட்டும்.”

சாதாரணமாகச் சொன்ன சொல்தான். எனினும், சில சொற்கள் சொல்லப்படும்போது உறங்கிக் கிடந்துவிட்டு, வேறொரு நாளில் விழித்துக்கொள்கின்றன. மண்வெட்டியோடு நின்ற அழகுமலையைப் பார்த்தபோது, அந்தச் சொல் கிளிட்டசின் காதுக்குள் எழுந்து உட்கார்ந்தது.

கோழியை மசாலாவில் புரட்டிவிட்டு, அடுப்புக் கூட்டிக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. விறகு பொறுக்க அன்பரசன் ரப்பர் செருப்போடு மேட்டுக்கு அப்பால் போனான். பின்னாலேயே அழகுமலை, “இந்தா வர்றேன்” என்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். விறகு பொறுக்க மண்வெட்டி எதற்கு? அப்போது தோன்றாத கேள்வி இப்போது தோன்றியது. பிறகு ஓர் அலறல். மண்ணில் நான்கு அடிகள் விழும் ஓசை. கிளிட்டஸ் மேட்டில் ஏறி இறங்குவதற்குள் பாம்பு இல்லை. அடித்தவர் இருந்தார், கடிபட்டவன் இருந்தான், நடுவில் இருக்கவேண்டிய சான்று மட்டும் காணாமற்போயிருந்தது.

அவன் தன் மனைவி டெல்பினுக்கு ஃபோன் செய்தான். அவள் ஷார்ஜாவில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். ஸ்பீக்கரில் அவளுடைய குரல் பதற்றமின்றி வந்தது.

“கேட்டியளா, மொதல்ல அவர நடக்க விடாதீங்க. தூக்கிட்டுப் போங்க. கீறப்பிடாது, உறியப்பிடாது. கால்ல செருப்பு, கயிறு, எது இருந்தாலும் அவுத்திருங்க. வீங்கும். அழுத்திக் கெட்டாண்டாம்.”

அவள் அதைச் சொன்ன வேளையில் அழகுமலை தோள்துண்டை அன்பரசனின் முழங்காலுக்குக் கீழே முறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, அவுருங்க. கெட்டப்பிடாதுன்னு சொல்லுதால்லா?”

“கட்டாம விட்டா ஏறிரும்பா. ஊசி போடுற பிள்ளைக்குப் பாம்புக்கடி என்ன தெரியும்?”

“தண்ணிப் பாம்புன்னா என்ன ஏறும்?” என்றான் கிளிட்டஸ்.

அழகுமலையின் கை நின்றது. அவர் கிளிட்டசை ஒரு கணம் பார்த்தார். பிறகு துண்டை அவிழ்த்தார். அதைக் கிளிட்டஸ் குறித்துக்கொண்டான். விஷமில்லாத பாம்பு என்று வாய் சொல்கிறது; விஷத்துக்குக் கட்டும் கட்டைக் கை கட்டுகிறது. வாயும் கையும் வெவ்வேறு கதை சொன்னால் மனிதன் எதையோ மறைக்கிறான் என்றுதானே பொருள்?

“என்ன பாம்புன்னு தெரியுமா?” என்று கேட்டாள் டெல்பின்.

“தண்ணிப் பாம்புன்னு சொல்லுதாவ.”

“அங்கயா?” அவள் சற்று நிறுத்தினாள். “செத்த பாம்பு கெடந்தா தூரத்துல நின்னு ஒரு ஃபோட்டோ எடுங்க. தொடாதீங்க, தேடிட்டும் நிக்காண்டாம். ஆம்புலன்ஸ் மணல்ல ஏறி வாறதுக்குள்ள நீங்க ரோட்டுக்கு வந்திரலாம். நான் ஆஸ்பத்திரிக்குச் சொல்லி வைக்கேன்.”

இருவரும் அன்பரசனைத் தூக்கி வந்து பிக்கப்பின் பின்னிருக்கையில் படுக்க வைத்தார்கள். கால் அதற்குள் கணுக்காலைக் காணாதபடி பருத்திருந்தது. தோல் மினுமினுத்தது. அன்பரசன் பல்லைக் கடித்துக்கொண்டு, “எரியுது மச்சான், நெருப்ப வச்சாப்ல எரியுது” என்றான்.

“ஒண்ணுமில்ல மாப்ள. தண்ணிப் பாம்பு கடிச்சா அப்படித்தான் எரியும்.”

கிளிட்டஸ் சாவியைத் திருகப் போனான். அப்போது அழகுமலை கதவருகே வந்து, “ரெண்டே நிமிசம்பா. வந்துர்றேன்” என்றார்.

“எங்க?”

“ஒதுங்கிட்டு வர்றேன்.”

சொல்லிவிட்டு அவர் வண்டியின் பின்பக்கம் போனார். கண்ணாடியில் கிளிட்டஸ் பார்த்துக்கொண்டிருந்தான். சாமான் அட்டைப்பெட்டிக்குள் கையை விட்டு, தேநீருக்கென்று வாங்கி வந்த பால் பெட்டியை எடுத்து, சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு, மேட்டை நோக்கி ஏறக்குறைய ஓடினார்.

ஒதுங்கப் போகிறவனுக்குப் பால் எதற்கு?

அந்தக் கணத்தில் கிளிட்டசுக்குள் இருந்த ஐயங்கள் அனைத்தும் ஒரே மாலையாகக் கோத்துக்கொண்டன. ‘படட்டும்’ என்ற சொல். விறகு பொறுக்கப் போன மண்வெட்டி. மறைக்கப்பட்ட பாம்பு. ‘வெசம் கிடையாது’ என்று மருத்துவமனையைத் தேவையற்றதாக்கும் பேச்சு. இப்போது இந்தத் தாமதம். தங்கையின் கண்ணீருக்காக ஒருவன் எவ்வளவு தூரம் போவான்? பாம்பைக் கொண்டுவந்து விட்டிருக்க முடியாது; அது பைத்தியக்காரத்தனமான எண்ணம். ஆனால், பாம்பைக் கண்டபின் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம் அல்லவா? கத்துவதற்கு ஒரு நொடி பிந்தியிருக்கலாம் அல்லவா?

“இரு, இப்ப வாறேன். கால அசைக்காத” என்று அன்பரசனிடம் சொல்லிவிட்டு, அவனும் இறங்கி மேட்டில் ஏறினான்.

மேட்டின் மறுசரிவில் அழகுமலை மண்டியிட்டிருந்தார். இரு கைகளாலும் மணலை வாரி வாரி ஒரு குழியை மூடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் காலிப் பால் பெட்டி கிடந்தது. மணல் ஓரிடத்தில் வெண்மையாக நனைந்திருந்தது.

“புதைக்கிறீங்களா?” என்றான் கிளிட்டஸ்.

அழகுமலை திடுக்கிட்டுத் திரும்பினார். கிளிட்டஸ் அவருக்குப் பக்கத்தில் கிடந்த மண்வெட்டியை எடுத்தான். அவர் அதன் பிடியைப் பற்றிக்கொண்டார்.

“தோண்டாத தம்பி. உனக்குப் புண்ணியமாப் போகும்.”

“கைய எடுங்கண்ணே. அங்க ஒருத்தன் கால் வீங்கிக் கெடக்கான். நீங்க இங்க தடயத்த மூடிட்டிருக்கீங்க. ஒங்க மனசுல என்னதான் நெனச்சிருக்கீங்க?”

“மெதுவாப் பேசு. அவனுக்குக் கேட்டுரும்.”

“கேக்கட்டும்.”

அழகுமலையின் பிடி தளர்ந்தது. கிளிட்டஸ் மணலைத் தள்ளினான். ஒரு சாண் ஆழத்தில் பாம்பு இருந்தது. எறியப்பட்டதாக இல்லை, வட்டமாகச் சுருட்டி, தலையைக் கிழக்குப் பக்கம் வைத்து, ஒழுங்காகக் கிடத்தப்பட்டிருந்தது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைந்த நீளம். மணல் நிற உடலில் பழுப்புப் புள்ளிகள். வாய்க்குள் ஏதோ பளபளத்தது. குனிந்து பார்த்தான். ஒரு திர்ஹம் நாணயம். அதில் பொறித்திருந்த காப்பிக் கூஜாவின் மூக்கு மட்டும் பாம்பின் வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

கிளிட்டஸ் மண்வெட்டியோடு அப்படியே நின்றான். கொலைத் தடயம் ஒன்றைத் தோண்டி எடுக்கப் போனவன், ஓர் ஈமச்சடங்கைத் தோண்டி எடுத்திருந்தான்.

“நல்ல பாம்புப்பா” என்றார் அழகுமலை. “காஞ்ச வேரு தோண்டலாம்னு மம்பட்டியோட போனப்பப் பாத்தேன். இந்தா இப்படித் தலையத் தூக்கி, கழுத்த விரிச்சு, படம் எடுத்துச்சு. அவனுக்குப் பின்னால. அடிச்சுட்டேன். எங்க ஊர்ல நல்ல பாம்ப அடிச்சா இதச் செய்யாம விடமாட்டோம். பால ஊத்தி, காச வச்சு, அடக்கம் பண்ணணும். விட்டா குடும்பத்துக்கு ஆகாது. யாரு குடும்பத்துக்கு? என் தங்கச்சி தாலிக்குத்தான வரும்?”

“அப்ப எதுக்குத் தண்ணிப் பாம்புன்னு சொன்னீங்க?”

“கடிபட்டவங்கிட்ட நல்ல பாம்புன்னு யாராச்சும் சொல்லுவாங்களா? பாதி பேரு பயத்துல சாகுறவந்தான். எங்க பக்கம் எந்தப் பாம்பு கடிச்சாலும் தண்ணிப் பாம்புன்னுதான் சொல்லுவோம். வைத்தியர்ட்டத்தான் உண்மையச் சொல்றது.” அவர் கண்களைத் துடைத்தார். கையிலிருந்த மணல் முகத்தில் அப்பியது. “உங்கிட்ட ஆஸ்பத்திரில போயிச் சொல்லலாம்னு இருந்தேன். வண்டியோட்டுறவன் பதறிறக் கூடாதுல்ல?”

கிளிட்டசுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் ஐயம் என்பது ஒரு கதவை மூடினால் மறுகதவைத் தட்டுவது. அவன் பாம்பைப் படம் எடுத்தான். எடுத்தபின் தன் ஃபோனிலேயே வேறொரு படத்தைத் தேடினான்.

கேம்ப்பின் மெஸ்ஸில், கைகழுவும் இடத்துக்கு மேலே, இந்நாட்டுப் பாம்புகளின் படம் போட்ட தாள் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. பாலைவன சைட்டுகளில் வேலை செய்பவர்களுக்காகத் திங்கட்கிழமைதோறும் நடக்கும் ‘டூல்பாக்ஸ் டாக்’ என்ற பாதுகாப்புக் கூட்டத்தில் அதைத் தமிழில் விளக்கும் பொறுப்பு ஒருமுறை கிளிட்டசுக்கு வந்தது. அப்போது எடுத்து வைத்த படம் அது. அவன் விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். மூன்றாவது வரிசையில் அதே பாம்பு இருந்தது. மணல் நிறம், பழுப்புப் புள்ளிகள், விரிந்த கழுத்து. ‘நாகம்போல் கழுத்தை விரிக்கும், நாகம் அன்று. விஷம் மிகவும் குறைவு’ என்று அவனே எழுதிக்கொடுத்த தமிழ் கீழே இருந்தது. அந்தத் தாளில் நாகமே இல்லை.

“அண்ணே, இது நல்ல பாம்பு இல்ல. பாருங்க. அன்னைக்குக் கூட்டத்துல நான்தான படிச்சுக் காட்டுனேன்?”

“எந்தக் கூட்டம்?”

“திங்கக்கெழமை காலைல.”

“நான் எங்க வந்தேன்? ஊருக்கு ஃபோன் பேசணும்னு உங்கிட்டச் சொல்லிட்டுத்தான வெளிய நின்னேன்? நீதான என் கையெழுத்தையும் சேத்துப் போட்ட.”

அது உண்மை. யார் வராவிட்டாலும் கூட்டத்தின் வருகைத் தாளில் கையெழுத்து வந்துவிட வேண்டும் என்பது கேம்ப்பின் எழுதாச் சட்டம். அழகுமலை என்ற பெயரை எட்டு வாரங்களாக வளைத்து வளைத்து எழுதியவன் கிளிட்டஸ்தான். மற்றவனைச் சந்தேகித்து நீட்டிய விரல் தன் பக்கமே மடங்குவதை அவன் உணர்ந்தான்.

“அப்ப வெசமில்லையா?” அழகுமலையின் முகத்தில் ஒளி வந்தது. “நெசமாவே தண்ணிப் பாம்பு மாதிரிதானா?”

கிளிட்டஸ் வண்டி நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தான். விஷம் மிகவும் குறைவென்றால், பத்து நிமிடத்தில் கால் ஏன் அப்படிப் பருத்தது?

“அன்பு உக்காந்திருந்தது அந்தப் பொதர் பக்கம்தானே? நீங்க பாம்ப அடிச்சது எங்க வச்சு?”

“இங்க.” அழகுமலை காட்டிய இடம் புதரிலிருந்து ஐந்தாறு எட்டுத் தள்ளி இருந்தது. மண்வெட்டி விழுந்த தழும்புகள் மணலில் தெளிவாகத் தெரிந்தன. “இங்கதான் படமெடுத்து நின்னுச்சு.”

“கடிச்சிட்டு இவ்ளோ தூரம் ஓடி வந்து படமெடுத்துச்சா? இல்ல, கடிக்கவே இல்லையா?”

கிளிட்டஸ் மேட்டின் உச்சிக்கு ஏறி நின்று, புதரைச் சுற்றியிருந்த மணலை ஓரங்குலம் விடாமல் பார்த்தான். இப்போது அவன் சந்தேகித்தது மனிதனை அன்று, மண்ணை. அன்பரசனின் செருப்புத் தடம், இழுத்த விறகின் தடம், அழகுமலையின் தடம். இவற்றுக்கு அப்பால், புதரின் மறுபுறம், வேறு வகைத் தடம் ஒன்று இருந்தது. ஒன்றோடொன்று ஒட்டாத சாய்ந்த கோடுகள், ஏணிப்படிகள்போல் வரிசையாக வந்து, புதரின் நிழலில் முடிந்தன. அங்கிருந்து வெளியேறிய தடம் இல்லை.

“கிட்டப் போகாதீங்க” என்றான்.

ஃபோனின் கேமராவைப் பெரிதாக்கினான். முதலில் மணல்தான் தெரிந்தது. பிறகு, மணலில் இரண்டு மணிகள். அவை கூழாங்கற்கள் அல்ல என்பதை, அவற்றின் நடுவே நின்ற செங்குத்துக் கீற்று சொன்னது. கண்களைத் தவிர மற்றதெல்லாம் புதைந்திருந்தது. செருப்புத் தடம் அந்தக் கண்களுக்கு ஒரு முழம் முன்னால் பதிந்திருந்தது. அன்பரசன் புதரில் கைவைத்துக் குச்சி முறித்த இடம் அது. அழகுமலை நல்ல பாம்பென்று நம்பி வேறொரு உயிரை அடித்துக் கொன்றபோது, கடித்தது கடித்த இடத்திலேயே அசையாமல் கிடந்திருந்தது. அவர்கள் இருவரும் அன்பரசனைத் தூக்கும்போது அதற்கு மூன்று அடி தூரத்தில்தான் நின்றிருந்தார்கள்.

தாளின் முதல் வரிசை. ‘மணல் விரியன். உடலைப் புதைத்துக் கண்ணை மட்டும் வெளியே வைத்திருக்கும். சிலவற்றுக்குக் கண்மேல் கொம்பு உண்டு, சிலவற்றுக்கு இல்லை. கொடிய விஷம்.’

அவன் இரண்டு படங்கள் எடுத்தான். இருவரும் வண்டிக்கு ஓடினார்கள். ஓடும்போதுகூட அழகுமலை ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தார். அதுவரை வெறும் மணலாக இருந்த பூமி முழுவதும் இப்போது கண்ணுள்ளதாகிவிட்டது.

கதவைத் திறந்தபோது அன்பரசன் ஃபோனை வாயருகே வைத்து எதையோ தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தான். அவர்களைக் கண்டதும் நிறுத்திவிட்டு, ஃபோனை நெஞ்சின்மேல் கவிழ்த்தான்.

“யாருட்டப் பேசுத?” என்றான் கிளிட்டஸ்.

“யாருமில்ல.”

அன்பரசனின் நெற்றி வியர்த்திருந்தது. கண்கள் கலங்கியிருந்தன. எதற்காக மறைக்கிறான்? யாருக்கு என்ன செய்தி? மச்சானைப் பற்றியா? கிளிட்டசின் மனம் பழைய வழியிலேயே மீண்டும் ஓடப் பார்த்தது. அவன் அதை இழுத்துப் பிடித்து, வண்டியைக் கிளப்பினான்.

வழியெல்லாம் அழகுமலை பின்னிருக்கையில் அன்பரசனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கண்ணாடியில் அவர்களைப் பார்த்த கிளிட்டஸ், விரியன் என்ற சொல்லை வாயிலிருந்து வரவிடாமல் அடக்கிக்கொண்டான். அதைச் சொல்லியிருக்க வேண்டுமோ என்ற கேள்வி பிற்பாடுதான் வந்தது.

“மச்சான்” என்றான் அன்பரசன் ஒருமுறை.

“பேசாமப் படு மாப்ள.”

“தண்ணிப் பாம்புதான?”

“ஆமாங்கிறேன்ல.”

அன்பரசன் கண்களை மூடிக்கொண்டான். அவனுடைய மூடிய இமைகளின் ஓரத்தில் நீர் வழிந்தது. வலியென்று நினைத்தார் அழகுமலை.

மருத்துவமனையில், டெல்பின் முன்கூட்டிச் சொல்லி வைத்திருந்ததால், சக்கரக் கட்டிலோடு ஆள் நின்றது. சேதுமாதவன் என்ற பாலக்காட்டு நர்ஸ் முதற்கேள்வியாக, “பாம்பு கண்டோ? ஃபோட்டோ உண்டோ?” என்றார். கிளிட்டஸ் இரண்டு பாம்புகளின் படங்களையும் காட்டினான். முதற்படத்தில் வாயில் காசோடு கிடந்த பாம்பைப் பார்த்துச் சேதுமாதவன் புருவத்தை உயர்த்தினார்.

“இதுக்கு யாரு சம்பளம் கொடுத்தது?”

“அத விடுங்க. அது கடிக்கல. அடுத்ததப் பாருங்க.”

இரண்டாவது படத்தைப் பார்த்ததும் அவருடைய முகத்திலிருந்த விளையாட்டு மறைந்தது. ஃபோனையே வாங்கிக்கொண்டு டாக்டரிடம் போனார். இரத்தம் எடுத்தார்கள். சிறிது நேரத்தில் மருந்து ஏறத் தொடங்கியது. டாக்டர் வெளியே வந்து, சரியான நேரத்தில் வந்திருப்பதாகவும், உயிருக்கு அஞ்ச வேண்டியதில்லை என்றே தோன்றுவதாகவும், ஆனாலும் நாளை வரை பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்றும் இந்தியில் சொன்னார்.

வராந்தாவில் அழகுமலை சுவரில் சாய்ந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நகக்கண்களில் மணல். அருகில் நாற்காலிகள் காலியாகவே இருந்தன. கிளிட்டஸ் அவருக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தான்.

“நீ என்னைய சந்தேகப்பட்டல்ல?” என்றார் அழகுமலை, அவனைப் பார்க்காமல்.

“ஆமாண்ணே.”

“பரவால்ல. நானும் உன் பெஞ்சாதிய சந்தேகப்பட்டேன். கட்ட அவுக்கச் சொல்லிக் கொல்லப் பாக்குதோன்னு.”

அப்போது அழகுமலையின் ஃபோன் ஒலித்தது. போட்டிம் செயலியில் வந்த அழைப்பு. திரையில் பானுமதியின் பெயர். அழகுமலை கனலைத் தொட்டவர்போல் ஃபோனைக் கிளிட்டசின் கையில் திணித்தார்.

“எப்படித் தெரிஞ்சுச்சு அவளுக்கு? நீ பேசு. தண்ணிப் பாம்புன்னு சொல்லிரு. தங்கச்சி தாங்காது.”

கிளிட்டஸ் ஃபோனைக் காதில் வைத்தான். மறுமுனையில் மூச்சு வாங்கும் ஓசை கேட்டது.

“அண்ணன் இல்லையா?”

“நான் கிளிட்டஸ்மா. ரூம்ல கூட இருக்கேன். அன்புவ ஆஸ்பத்திரில சேத்தாச்சு. நல்லாருக்கான்.”

“என்ன பாம்புண்ணே?”

அழகுமலை எதிரே நின்று, ஓசையில்லாமல் வாயசைத்தார்: தண்ணி. கிளிட்டஸ் அந்த உதடுகளைப் பார்த்தான். அன்று மாலை முழுவதும் தன்னை அலைக்கழித்தது அந்த ஒரு சொல்தான் என்று எண்ணினான். அந்தப் பொய்யைக் கடல் தாண்டியும் அனுப்ப அவனுக்கு மனம் வரவில்லை.

“விரியன்மா. மணல் விரியன். வெசமுள்ளதுதான். பாம்ப ஃபோட்டோ எடுத்து டாக்டர்ட்ட காட்டியாச்சு. மருந்து ஏறிட்டிருக்கு. நாளைக்கு வரைக்கும் பாக்கணும்னு சொல்லியிருக்காவ.”

அழகுமலை தலையில் கைவைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார்.

“நெசமாவா?” என்றாள் பானுமதி. “விரியனா?”

“சத்தியமா விரியன்தான்மா. ஃபோட்டோ அனுப்பட்டுமா?”

“வேணாம்ணே.” அவள் மூக்கை உறிஞ்சினாள். குரலில் ஏதோ ஒரு கட்டு அவிழ்ந்திருந்தது. “சாயந்தரம் அவரு ஒரு வாய்ஸ் அனுப்புனாரு. ‘உங்கண்ணன் தண்ணிப் பாம்புன்னு சொல்றாரு பானு. நீ நம்ம வீட்டுக்குப் போயிரு’ன்னு. அம்புட்டுத்தான். ரெண்டு மாசமாப் பேசாதவரு. எங்க ஊர்ல தண்ணிப் பாம்பு கடிச்சுதுன்னு சொல்லி யாரும் பொழச்சதில்லண்ணே. அப்பருந்து தலைதலையா அடிச்சு அழுதுக்கிட்டிருந்தேன்.”

கிளிட்டசுக்கு வண்டியில் மூடியிருந்த அந்த இமைகள் நினைவுக்கு வந்தன. நெஞ்சின்மேல் கவிழ்ந்த ஃபோனும் நினைவுக்கு வந்தது. அச்சப்படக் கூடாதென்று மச்சான் சொல்லிக்கொண்டே வந்த அந்தச் சொல்லை, ஒவ்வொரு முறையும் சாவோலையாகவே மாப்பிள்ளை கேட்டுக்கொண்டு வந்திருக்கிறான்.

“விரியன்னா மருந்து இருக்குல்லண்ணே?”

“ஏறிட்டிருக்கும்மா.”

“அப்ப சரி.” பூட்டு ஒன்று திறக்கும் ஓசையும், நாட்பட்ட கதவு கிறீச்சிடும் ஓசையும் கேட்டன. “இப்பத்தான் வீட்டத் தொறக்கிறேன். கண்ணு முழிச்சா பேசச் சொல்லுங்க.”

அழைப்பு நின்றது. கிளிட்டஸ் ஃபோனைத் திருப்பிக் கொடுத்தான்.

“விரியன்னு சொல்லிட்டியேப்பா” என்றார் அழகுமலை. “என்ன சொல்லுச்சு?”

“சரின்னு சொன்னா. நீங்க உள்ள போயி அன்புட்டயும் சொல்லுங்க.”

“அவங்கிட்டயா? அவன் செத்துருவான்யா.”

“போயிச் சொல்லுங்கண்ணே.”

அழகுமலை அவனை ஐயத்தோடு ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு, திரையை விலக்கி உள்ளே போனார். கிளிட்டஸ் வெளியில் நின்றபடியே செவிமடுத்தான். கட்டில் கிறீச்சிட்டது. அழகுமலை இரண்டு முறை தொண்டையைச் செருமினார்.

“மாப்ள, ஒண்ணு சொன்னா பயப்படக் கூடாது. உன்னையக் கடிச்சது தண்ணிப் பாம்பு இல்லையாம். விரியனாம்.”

கட்டில் மறுபடியும் கிறீச்சிட்டது.

“அப்பாடா” என்றான் அன்பரசன்.